பெரிய தாத்தா ஏறிய விமானம்: ராணுவப் போக்குவரத்து விமான விபத்தில் இறந்த உறவினரைத் தேடும் முழு வழிகாட்டி

ஆடி அமாவாசையன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது எங்கள் வீட்டில் கடைசியாக ஒரு பெயர் வரும். அது பெரிய தாத்தாவின் பெயர், பாட்டியின் அண்ணன். பாகூர்ப் பக்கம் பிறந்து, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகச் சேர்ந்து, 1950-களின் தொடக்கத்தில் வியட்நாமின் சைகோனுக்குக் கப்பல் ஏறியவர். "விமானம் விழுந்து போய்விட்டார்" என்பதற்கு மேல் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. இறந்த நாள் தெரியாததால்தான் அவரை அமாவாசைக் கணக்கில் சேர்த்திருந்தார்கள்.

அந்த நாளைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. முதல் ஆண்டு முழுக்க வீண். விமானத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். விபத்துப் பட்டியல்களில் விமானத்தின் எண் இருக்கும், ஓட்டியவர் பெயர் இருக்கும். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து போன சிப்பாய்கள் "பயணிகள் இத்தனை பேர்" என்று ஒற்றை எண்ணாகச் சுருங்கிப்போயிருப்பார்கள். ஆளைப் பற்றிய காகிதம் வேறு இடத்தில் வேறு எண்ணில் கிடக்கும். அந்த எண்ணுக்கு வழி காட்டுவது பணம். அவர் இறந்தபின் எந்த அரசு, யாருக்கு, எந்த எண்ணில் ஓய்வூதியம் கொடுத்தது என்று பிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

முதல் படி: தகரப் பெட்டி

உட்கார்ந்து பேசுவதற்கு முன் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். வயதானவர்கள் ஒரு காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டால்தான் கதை ஒழுங்காக வரும். எங்கள் அத்தை வீட்டுப் பெட்டியில் மேலே பட்டுப்புடவை, நடுவில் நிலப் பத்திரம், அடியில் செய்தித்தாள் விரிப்பு. அந்த விரிப்புக்கும் கீழே ராமபாணப் பூச்சி அரித்த ஓய்வூதியப் புத்தகம் ஒன்று இருந்தது. பாட்டியின் அம்மா பெயரில், பக்கத்துக்குப் பக்கம் ரப்பர் முத்திரையோடு. அதற்குள் அஞ்சலட்டை அளவில் ஒரு புகைப்படம். பின்பக்கம் ஊதாப் பென்சிலில் ஐந்து எண்கள். அத்தை அதை ஸ்டூடியோக்காரர் போட்ட எண் என்றே நினைத்திருந்தார். அதுதான் பெரிய தாத்தாவின் படை எண். பிரெஞ்சுக்காரர்கள் 'மத்ரிக்கூல்' என்பது அதைத்தான்.

தேடவேண்டியவை: ஓய்வூதியப் புத்தகம், தந்தி, மணியார்டர் ரசீது, குடும்பப் பதிவேடான 'லிவ்ரே தெ ஃபமீய்', படைவீரர் கையேடான 'லிவ்ரே மிலித்தேர்', பதக்கம், பதக்கத்தோடு வந்த சான்றிதழ். ஒட்டியிருக்கும் காகிதத்தைப் பிரிக்காதீர்கள். கடற்கரை ஊரின் உப்புக் காற்றில் பழைய மசி கையோடு வந்துவிடும். நிழலான இடத்தில் வைத்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி, முன்னும் பின்னும் படம் எடுங்கள். வெற்றுப் பக்கம் என்று தோன்றினாலும் எடுங்கள்.

பேச்சையும் பதிவு செய்யுங்கள். ஆனால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டுக் கதையில் விமானம் சைகோனில் விழுந்தது. காகிதத்தில் விழுந்த இடம் வியட்நாமின் வடக்குப் பகுதியான டோங்கின் பக்கத்து மலை. இந்தோசீனா, அதாவது பிரெஞ்சுக்காரர் ஆண்ட வியட்நாம், லாவோஸ், கம்போடியா என்றாலே நம்மவர்களுக்குச் சைகோன்தான்.

இரண்டாம் படி: எந்தக் கொடியின் கீழ்?

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே எல்லைக் கோடு வயல் வரப்புபோல வளைந்து வளைந்து போகிறது. பாகூரைச் சுற்றிக் கடலூர் மாவட்டம். பெண் கொடுத்ததும் எடுத்ததும் இரண்டு பக்கமும்தான். ஆகவே ஒரே குடும்பத்தில் ஒரு தாத்தா பிரிட்டிஷ் இந்தியப் படையிலும் இன்னொருவர் பிரெஞ்சுப் படையிலும் இருந்திருப்பார்கள். இதை முதலில் பிரித்துக்கொள்ளாவிட்டால் தவறான நாட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

கடலூர்க்காரர், 1947 ஆகஸ்டுக்கு முன் என்றால் பிரிட்டிஷ் இந்தியப் படை. அதற்குப் பின் என்றால் பெரும்பாலும் இந்திய ராணுவம் அல்லது விமானப்படை. புதுச்சேரி, காரைக்கால் ஆள் என்றால் பிரெஞ்சுப் படை. புதுச்சேரி நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் வந்தது, சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளிலும், அதன்பின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்கள் வழியிலும், பிரெஞ்சுப் பட்டாளத் தொடர்பு அறவில்லை. சந்தேகம் வந்தால் பாட்டியிடம், "பென்ஷன் வாங்க எங்கே போவீர்கள்?" என்று கேளுங்கள். கருவூலம் அல்லது தபால் ஆபீஸ் என்றால் இந்திய வழி, பிரெஞ்சுத் தூதரகம் என்றால் பிரெஞ்சு வழி.

மூன்றாம் படி: பெயரை உடைத்துப் பார்ப்பது

தேடுபவர்களில் பாதிப்பேர் தடுக்கி விழும் இடம் இது. தமிழ்ப் பெயரைப் பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். நம் உகரத்துக்கு ஓ, யூ என்று இரண்டு எழுத்து. ஜகரத்துக்கு முன்னால் ஒரு டி. கடைசி னகர ஒற்றுக்குப் பின்னால் ஓர் ஈ. ஆகவே கடலூர்ப் பள்ளிக்கூடத்தில் ஏழு எழுத்தில் அடங்கிய முருகன், புதுச்சேரிப் பதிவேட்டில் எம், ஓ, யூ, ஆர், ஓ, யூ, ஜி, ஏ, என், ஈ என்று பத்து எழுத்தாக நீளுவார். ராஜா என்பவர் நடுவில் ஒரு டி-யோடு இருப்பார். இணையத் தேடலில் நீங்கள் ஏழெழுத்து முருகனைத் தட்டினால் 'யாரும் இல்லை' என்றுதான் வரும்.

ஊர்ப் பெயருக்கும் இதே கதி. உழவர்கரை அங்கே 'உல்காரே'. வில்லியனூர், அரியாங்குப்பம், பாகூர் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் உண்டு. பெயர் கிடைக்காவிட்டால் பிறந்த ஊரை மட்டும் போட்டுத் தேடி, வரும் பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குத் தெரியாத பெயர் காதுக்குத் தெரியும். நான் பெரிய தாத்தாவைப் பிடித்தது அப்படித்தான்.

இன்னொரு சிக்கல், பெயரே மாறியிருக்கலாம். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, சாதி, மத வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் தங்களுக்கு ஒரு குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். 'ரெனோன்சான்' என்பார்கள் அவர்களை. அந்த இயக்கத்தின் தலைவர் பொன்னுத்தம்பிப் பிள்ளையே 'லபோர்த்' என்று பெயர் எடுத்துக்கொண்டார், வாசல் என்று பொருள். உங்கள் குடும்பத்திலும் யாராவது அப்படிச் செய்திருந்தால், வீட்டில் அழைத்த பெயருக்கும் படையில் இருந்த பெயருக்கும் ஓரெழுத்துகூடப் பொருந்தாது. படை எண்ணும் பிறந்த நாளும்தான் காப்பாற்றும்.

ஒரு தாளில் எல்லா வடிவங்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் தாளில் பதினான்கு இருந்தன.

நான்காம் படி: பிரெஞ்சு வழி

முதலில் உள்ளூர். புதுச்சேரி நகராட்சியிலும் கொம்யூன் என்னும் ஊராட்சிகளிலும் பிரெஞ்சுக் காலப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் உண்டு. புதுச்சேரிக்காரர்கள் 'எத்தா சிவில்' என்பது இதுதான். பிறப்புப் பதிவின் ஓரத்தைக் கவனியுங்கள். பின்னாளில் நடந்தவற்றை ஓரக் குறிப்பாக எழுதும் வழக்கம் பிரெஞ்சுப் பதிவேட்டுக்கு உண்டு. இறப்பைத் தேடும்போது விபத்து நடந்ததாகச் சொல்லப்படும் ஆண்டோடு நின்றுவிடாதீர்கள். உடல் கிடைக்காதபோது, நீதிமன்றம் 'இறந்தார்' என்று தீர்ப்புச் சொல்லும். அந்தத் தீர்ப்பு பதிவேட்டில் ஏறும். விமானம் விழுந்தது ஓர் ஆண்டு, தீர்ப்பு வந்தது இன்னோர் ஆண்டு, பதிவானது மூன்றாவது ஆண்டாக இருக்கும். எங்களுக்கு இரண்டு ஆண்டு தள்ளிக் கிடைத்தது. முன்னதாக ஓர் அலுவலகத்தில் "அந்த வருஷத்தில் அப்படி யாரும் சாகவில்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவர்கள் சொன்னது சரிதான், நான்தான் தப்பான வருஷத்தைக் கேட்டிருந்தேன்.

லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரிப் பிரிவு இருக்கிறது. பிரெஞ்சு நிர்வாகக் கோப்புகள் அங்கே உண்டு. கடற்கரைச் சாலையில் இருக்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தைப் பார்த்துவிட்டுச் சிலர் ஏமாந்து திரும்புகிறார்கள். அது முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக எழுப்பப்பட்டு 1938-ல் திறக்கப்பட்டது. முன்னாள் சொல்தாக்கள் கூடும் 'ஃபுவாயே த்யு சொல்தா' ஊரிலேயே இருக்கிறது. அங்கே காகிதத்தைவிட மனிதர்கள் முக்கியம். பிரெஞ்சுக் கடிதத்தைப் படித்துச் சொல்லவும், பழைய படைச் சுருக்கெழுத்துகளை அவிழ்க்கவும் அவர்களைவிட ஆள் கிடையாது.

அடுத்து இணையம். பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெமுவார் தே ஸொம்' தளத்தில், இந்தோசீனப் போரில் இறந்த படைவீரர்களுக்கெனத் தனிப் பட்டியல் இருக்கிறது. காசு வேண்டாம். பெயர், பிறந்த நாள், ஊர், இறந்த நாள், இடம் ஆகியவை வரும். அல்ஜீரியா, துனிசியா, மொராக்கோவில் 1952 முதல் 1962 வரை இறந்தவர்களுக்கு வேறு பட்டியல். புதுச்சேரி ஆள் என்றால் இரண்டையும் பாருங்கள், இந்தோசீனாவிலிருந்து நேரே அல்ஜீரியா போனவர்கள் உண்டு.

பெயர் கிடைத்த பிறகுதான் பிரான்சுக்குக் கடிதம். சிப்பாய், ஹவில்தார் நிலையில் இருந்தவர்களின் சேவைக் கோப்பு, பிரான்சின் தென்மேற்கில் உள்ள 'போ' என்ற நகரத்துப் படையாள் ஆவணக் காப்பகத்தில் இருக்கும். அதிகாரிகள் கோப்பும் போர்க் கோப்புகளும் பாரிசை ஒட்டிய வென்சேன் கோட்டையில். போர்களில் உயிரிழந்தோர் பற்றிய கோப்புகள் நார்மண்டியின் கான் நகரத்தில். கடிதத்தில் முழுப் பெயர், எழுத்து வேறுபாடுகள், பிறந்த நாள், ஊர், படை எண், இறந்த நாள், உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவு, அடையாள அட்டை நகல் இவை போதும். கண்ணீர்க் கதை வேண்டாம், அரைப் பக்கம் போதும். பதில் வர மாதக் கணக்கில் ஆகும். பொறுமை இழந்து இரண்டாம் கடிதம் போட்டால் சில சமயம் கோப்பு இரண்டாகி இன்னும் தாமதம்தான்.

இங்கேதான் விமானம் திரும்ப வருகிறது. இந்தோசீனாவில் பிரெஞ்சு விமானப்படை ஆட்களைச் சுமந்தது பெரும்பாலும் இரண்டு வகையில். ஒன்று டக்கோட்டா என்ற இரண்டு எஞ்சின் அமெரிக்க விமானம். இன்னொன்று 'துக்கான்' என்று அவர்கள் அழைத்த, ஜெர்மன் யுங்கர்ஸ் 52-ஐப் பிரான்சிலேயே கட்டிய மூன்று எஞ்சின் விமானம், தகரக் கூரைபோல நெளிநெளியான உடல். இவற்றை ஓட்டிய பிரிவுகளுக்கு அன்ழு, பெஆர்ன், ஃபிரான்ஷ்-கோந்தே என்று பிரெஞ்சு மாநிலப் பெயர்கள். ஒவ்வொரு பிரிவும் தினக் குறிப்பேடு வைத்திருந்தது. பயணியாகப் போன சிப்பாயின் சொந்தப் படைப்பிரிவும் தனியே ஒன்று வைத்திருந்தது. இரண்டையும் படிக்கவேண்டும். விமானப் பிரிவின் குறிப்பேடு 'மேகம், மலை, தொடர்பு அறுந்தது' என்று எழுதும். படைப்பிரிவின் குறிப்பேடுதான் 'இன்னார் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவருகையில்' என்று எழுதும். பெரிய தாத்தா மலேரியாவில் படுத்து எழுந்து பிரிவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. டோங்கினில் ஜனவரிக்கு மேல் வாரக்கணக்கில் தூறலும் தாழ்ந்த மேகமுமாக மூடிக்கிடக்கும் பருவத்துக்கு 'கிராஷேன்' என்று பெயர். குறிப்பேட்டில் அந்த ஒரு சொல் இருந்தது, காரணத்துக்கு எனக்கு அது போதுமாயிருந்தது.

இந்தோசீனக் கோப்புகள் வென்சேனில் '10 ஹெச்' என்ற வரிசையில் இருக்கின்றன. முன்பே வாசகராகப் பதிந்து, கோப்பையும் முன்பதிவு செய்துவிட்டுத்தான் போகவேண்டும். நீங்கள் போகவேண்டாம், பாரிசில் அத்தை மகனோ சித்தப்பா மகளோ இல்லாத புதுச்சேரிக் குடும்பம் அபூர்வம். ஒரு விடுப்பு நாளைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் கோப்பு, எந்த மாதம், எந்தப் பிரிவு என்று தாளில் எழுதி அனுப்புங்கள். வெறுமனே "போய்ப் பார்" என்றால் கோட்டையைப் படம் எடுத்து அனுப்புவார்கள். எனக்கு அப்படி ஒன்பது படங்கள் வந்தன.

விமானம் ராணுவத்தினுடையதாக இல்லாமலும் இருக்கலாம். 1950 ஜூன் 12-லும் 14-லும் சைகோனிலிருந்து பாரிசுக்குப் போன இரண்டு ஏர் பிரான்ஸ் விமானங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, பஹ்ரைனில் இறங்கும்போது கடலில் விழுந்தன. 'சைகோன் விமானம், கடலில் விழுந்தது' என்று உங்கள் வீட்டுக் கதை சொன்னால், பயணிகள் விமானத்தையும் கணக்கில் வையுங்கள்.

உடல் எங்கே என்ற கேள்விக்கு: தென் பிரான்சில் ஃப்ரேழூஸ் ஊரில் இந்தோசீனப் போர்களின் நினைவிடம் இருக்கிறது. 1986 முதல் வியட்நாமிலிருந்து கொண்டுவந்த எச்சங்கள் அங்கேதான் வைக்கப்பட்டன. பெயர்ச் சுவரும் உண்டு.

ஐந்தாம் படி: இந்திய வழி

பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து, போர் முடிந்த பின்னும் 1947 டிசம்பர் 31-க்குள் இறந்திருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலைப் பாருங்கள். போரில்தான் இறந்திருக்கவேண்டும் என்பதில்லை, பணியில் இருந்தபோது விபத்தில் போனவர்களும் அதில் உண்டு. உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி, ரங்கூனை அடுத்த தவுக்கியான் போன்ற இடத்துச் சுவர்களில் இருக்கும்.

சுதந்திரத்துக்குப் பின் என்றால் கோப்பு அவரவர் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தில். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியின் வெலிங்டன். பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். மின், எந்திரப் பொறியாளர் பிரிவான ஈ.எம்.ஈ. என்றால் செகந்திராபாத். தகவல் தொடர்புப் படையான சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு. விமானப்படை ஆட்களுக்கு டெல்லி சுப்ரதோ பார்க். விமானம் விமானப்படையுடையது, ஆள் தரைப்படை என்றால், ஆளின் கோப்பு தரைப்படையில்தான் இருக்கும். இதைத் தெரியாமல் விமானப்படைக்கு எழுதிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கடலூரில் இருக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் சரியான முகவரிக்கு வழி சொல்வார்கள்.

பழைய சேவைக் கோப்பு கழிக்கப்பட்டிருந்தால் மனம் தளரவேண்டாம். 'லாங் ரோல்' என்ற நெடும்பதிவேடு இருக்கும். இறப்பை அறிவித்த 'பார்ட் டூ ஆர்டர்' என்ற படை ஆணையின் நகலையும் கேளுங்கள்.

தகவல் உரிமைச் சட்ட மனு இங்கே நல்ல ஆயுதம், கூர்மையாகப் பிடித்தால். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். "விமானம் ஏன் விழுந்தது?" என்று கேட்காதீர்கள், ஏன் என்பதற்குப் பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்லர். "இந்த நாள் விபத்தில் இறந்தோர் பட்டியலின் நகல், விசாரணை அறிக்கையின் நகல்" என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு என்றால் சட்டத்தின் 8(3) பிரிவைக் குறிப்பிடுங்கள், மறுப்புக்கான காரணங்கள் பல அதில் அடிபட்டுப்போகும். மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஒரு எச்சரிக்கை: இந்தச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் மாமா பெயரில் மனுப் போட்டால் செல்லாது. கடலூரில் இருக்கும் மருமகன் பெயரில் போடுங்கள்.

காணாமல் போன விமானங்கள் திரும்பக் கிடைப்பதும் உண்டு. 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லே நோக்கிப் போன விமானப்படையின் ஏ.என்.12 போக்குவரத்து விமானம், 102 பேருடன் ரோத்தாங் கணவாய்ப் பக்கம் மறைந்தது. 2003-ல்தான் மலையேறிகள் சிதைவுகளைக் கண்டார்கள். 2024-ல்கூட நான்கு உடல்கள் கிடைத்தன, அதில் ஒருவர் கேரளத்துக்காரர். 56 ஆண்டுக்குப் பிறகு, கூட இருந்த காகிதங்களையும் பழைய பதிவேட்டையும் வைத்துத்தான் வீட்டைத் தேடிப் போனார்கள். நம் கடலிலும் அப்படி ஒன்று உண்டு. 2016 ஜூலை 22-ல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் போன ஏ.என்.32, 29 பேருடன் வங்கக் கடலில் காணாமல் போனது. சென்னைக் கரையிலிருந்து ஏறக்குறைய 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில், தானியங்கி நீர்மூழ்கி எடுத்த படங்களில் அதன் பாகங்கள் தெரிந்ததாக 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். ஆகவே உங்களவர் உடல் கிடைக்கவில்லை என்றால், இப்போதைய வாரிசு யார், முகவரி என்ன என்று ஆவண அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். கோப்பில் இருக்கும் முகவரி இடிந்துபோன வீட்டினுடையதாக இருக்கக்கூடாது.

ஆறாம் படி: பணம் கேட்பவர்கள்

"பிரான்சிலிருந்து கோப்பு எடுத்துத் தருகிறேன், அப்படியே குடியுரிமையும் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். மேலே சொன்ன எதற்கும் தரகர் வேண்டாம். அசல் காகிதத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், உறவினரிடமும்தான்.

ஏழாம் படி: கிடைத்த நாளை என்ன செய்வது

தீர்ப்பு நகலை அத்தையிடம் படித்துக் காட்டினேன். படை எண், பிரிவு, மலையின் பெயர் எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, "அன்றைக்கு என்ன திதி?" என்றார். அதை நான் யோசித்திருக்கவே இல்லை. பழைய பஞ்சாங்கம் நூலகத்தில் கிடைக்கும், கணினி நிரலும் போட்டுச் சொல்லும். ஆனால் நாள் மட்டும் போதாது. ஒரே நாளில் திதி மாறும், ஆகவே நேரம் வேண்டும். விமானப் பிரிவின் குறிப்பேட்டில் கடைசி வானொலித் தொடர்பின் நேரம் இருந்தது. அது அந்த ஊர் நேரம். இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

எங்களுக்குத் தை மாதத் தேய்பிறைத் துவாதசி என்று வந்தது. அத்தை நாட்காட்டியில் வட்டம் போட்டார். ஆடி அமாவாசைக்கும் அவரை விடப்போவதில்லையாம், இத்தனை வருஷமாக வந்து பழகியவர் என்றார்.